சிவப்பு வட்டத்துக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா?

பாண்டிச்சேரியில் சின்ன கேமரா வாங்குகிற பேச்சு வந்தால் லைக்கா பெயர் வராமல் முடியாது. பிரான்சில் சொந்தக்காரர் இருக்கிற குடும்பங்கள் இங்கே நிறைய. லீவுக்கு வருகிறவர் "என்ன வாங்கிட்டு வரட்டும்?" என்று கேட்டால், லைக்காவின் சிவப்பு வட்ட முத்திரை போட்ட டி-லக்ஸ் என்று சொல்லத் தோன்றும். அதே பணத்துக்கோ அதைவிடக் குறைத்தோ கிடைக்கும் பானசோனிக், ஃபியூஜி, ரிக்கோவெல்லாம் அப்போது கண்ணில் படுவதில்லை.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டி-லக்ஸுக்குக் கொடுக்கும் கூடுதல் காசில் படத்தின் தரத்துக்கென்று போவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. லைக்காவின் க்யூ வரிசை வேறு கதை. ஆனால் கடலூர், பாண்டி மாதிரி கடலோர ஊரில் கேமரா வைத்திருக்கப் போகிறவர் பெயர்ப் பலகைக்கு முன்னால் இன்னொன்றைப் பார்க்க வேண்டும்: ஆன் செய்ததும் லென்ஸ் குழாய் வெளியே நீளுமா, நீளாதா? கேமரா எத்தனை வருடம் உழைக்கும் என்பது பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

முதலில் பெயர் விவகாரம். லைக்காவும் பானசோனிக்கும் 2000-களின் தொடக்கத்திலிருந்து கூட்டாளிகள். டி-லக்ஸ் 4 என்பது பானசோனிக் எல்எக்ஸ்3. டி-லக்ஸ் 5 என்றால் எல்எக்ஸ்5, டி-லக்ஸ் 6 என்றால் எல்எக்ஸ்7. 2018-இல் வந்த டி-லக்ஸ் 7-க்குள் இருப்பது எல்எக்ஸ்100 மார்க் 2. இரண்டிலும் அதே ஃபோர் தேர்ட்ஸ் அளவு சென்சார் (படம் பதியும் சில்லு), பயன்பாட்டுக்கு வரும் அதே 17 மெகாபிக்சல், அதே 10.9–34 மிமீ லென்ஸ், அதே எஃப் 1.7–2.8 அபெர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துளை; எண் சிறிதானால் துளை பெரிது). ஃபுல் ஃபிரேம் (பழைய 35 மிமீ ஃபிலிம் அளவு) கணக்கில் அது 24–75 மிமீ. பானசோனிக்கின் லென்ஸ் வளையத்தைப் பாருங்கள்: "லைக்கா டிசி வாரியோ-சும்மிலுக்ஸ்" என்றுதான் அதிலும் அச்சடித்திருக்கும். லைக்கா லென்ஸ் வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் அது பானசோனிக் விலையிலேயே நிறைவேறிவிடுகிறது.

பேட்டரியும் அப்படித்தான். பானசோனிக்கின் பிஎல்ஜி10-உம் லைக்காவின் பிபி-டிசி15-உம் உருவத்திலும் வோல்டேஜிலும் ஒன்றே. மாற்றிப் போடலாம், விலைதான் வேறு.

வெளிவந்தபோது அமெரிக்க விலை பானசோனிக்குக்கு ஏறக்குறைய 1,000 டாலர், டி-லக்ஸ் 7-க்கு 1,195. அந்த இடைவெளி பரவாயில்லை என்று சொல்லலாம். 2024-இல் வந்த டி-லக்ஸ் 8-க்கு 1,595 டாலர் வைத்தார்கள். சென்சாரும் லென்ஸும் பழைய அளவுகள்தான். மாறியது உடம்பு, மெனு, வியூஃபைண்டர், யூஎஸ்பி-சி, ரா ஃபைல் (கேமரா மெருகேற்றாத மூலப்படம்) டிஎன்ஜி என்ற பொது வடிவில் வருவது.

இந்தப் பழக்கம் லைக்காவோடு நிற்கவில்லை. ஹாஸல்பிளாட் 2013-இல் ஸ்டெல்லார் என்று ஒன்றை விற்றது. உள்ளே இருந்தது சோனி ஆர்எக்ஸ்100, வெளியே மரப்பிடி, விலை இரண்டு மடங்குக்கும் மேல். சில வருடங்களில் அந்த வரிசையே நின்றுபோனது. இப்படி ஒன்று கண்ணில் பட்டால் ஐந்து எண்களை ஒப்பிடுங்கள்: லென்ஸின் உண்மையான மிமீ, இரு முனைகளிலும் அபெர்ச்சர், மெகாபிக்சல், அதிகபட்ச ஷட்டர் வேகம், பேட்டரியின் வோல்ட்டும் எம்ஏஎச்-உம். ஐந்தும் ஒத்துப்போனால் உள்ளே இருப்பது ஒரே கேமரா.

அப்படியானால் டி-லக்ஸில் நிஜமாகவே வேறாக இருப்பது என்ன? மெனு சுத்தமாக இருக்கும். டி-லக்ஸ் 8-இல் பொத்தான்களைக் குறைத்து, க்யூ வரிசையின் மெனுவைக் கொடுத்திருக்கிறார்கள். புதிதாகக் கேமரா பிடிப்பவருக்கு இது பெரிய நிம்மதி, இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வியூஃபைண்டரும் மேம்பட்டிருக்கிறது. டி-லக்ஸ் 7, எல்எக்ஸ்100 மார்க் 2 இரண்டிலும் இருந்தது சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டும் வகை; கண்ணை வேகமாக நகர்த்தினால் வெள்ளைப் பொருளின் ஓரத்தில் வானவில் சிதறும். 8-இல் ஓஎல்இடி வந்தபின் அந்தத் தொல்லை இல்லை. மதிய வெயிலில் பீச் ரோட்டில் நின்றால் பின்திரையில் எதுவும் தெரியாது, எனவே வியூஃபைண்டர் இங்கே அலங்காரப் பொருள் அல்ல.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. பானசோனிக்கில் முன்னால் விரல் பிடிக்க மேடும், பின்னால் கட்டைவிரலுக்கு ரப்பரும் இருக்கும். டி-லக்ஸ் 7-இல் அழகுக்காக இரண்டையும் எடுத்துவிட்டார்கள், பிடி தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். சித்திரை வெயிலில் வேர்த்த கையோடு வழுவழுப்பான உடம்பைப் பிடித்துப் பாருங்கள், வித்தியாசம் புரியும். டி-லக்ஸ் வாங்குவதானால் மணிக்கட்டுக் கயிறு கட்டாயம்.

"லைக்கா கலர்" பற்றியும் சொல்ல வேண்டும். கேமராவே செய்து தரும் ஜேபெக்கில் நிறத்தையும் கான்ட்ராஸ்டையும் லைக்கா சற்று வேறாக அமைக்கிறது, உண்மைதான். ரா ஃபைலை ஒரே சாஃப்ட்வேரில் ஒரே புரொஃபைலில் திறந்தால் அந்த வித்தியாசம் மறைந்துவிடும். டுமாஸ் வீதியிலோ ரோமன் ரோலண்ட் வீதியிலோ மஞ்சள் சுவர் முன்னால் யாரையாவது நிறுத்திப் படம் எடுங்கள். ஃபிரேமில் முக்கால்வாசி மஞ்சள் என்றால் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் (நிறத்தைத் தானாகச் சரிசெய்யும் வசதி) அதைத் தவறு என்று நினைத்து நீலத்தைக் கூட்டும். சுவர் வெளிறும், முகம் செத்துப்போகும். எந்த பிராண்டிலும் இது நடக்கும். வெயிலில் "டேலைட்", சுவர் நிழலில் "ஷேட்" என்று கையால் வைத்துவிடுங்கள். கூடவே எக்ஸ்போஷரை மூன்றில் ஒரு ஸ்டாப் கூட்டுங்கள் (ஒரு முழு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும். பிராண்டால் வருகிறது என்று பலர் நினைக்கும் நிறத்தில் பாதி இந்த ஒரு செட்டிங்கில் கிடைக்கிறது.

குழாய் நீளும் கேமராவும் உப்புக்காற்றும்

ஜூம் உள்ள சின்ன கேமராவில் (காம்பாக்ட்) லென்ஸ் இரண்டு மூன்று அடுக்குக் குழாயாக வெளியே வரும். நீளும்போது உள்ளே இடம் கூடுகிறது, வெளிக்காற்று இடுக்கு வழியாக உள்ளே இழுபடுகிறது. சுருங்கும்போது காற்று வெளியேறும், அதோடு வந்த தூசி வெளியேறாது. அது கடைசியில் சென்சார் மேல் உட்காரும். லென்ஸ் கழற்றுகிற கேமராவில் சென்சாரை நாமே ஊதித் துடைக்கலாம். இதில் முழுக்கப் பிரிக்க வேண்டும். எல்எக்ஸ்100, டி-லக்ஸ், ஆர்எக்ஸ்100, ரிக்கோ ஜிஆர் எல்லாவற்றுக்கும் இந்தப் பலவீனம் பொது. ஒன்றிலும் சீல் கிடையாது. சிவப்பு வட்டத்துக்குக் கொடுத்த காசு இதில் ஒரு ரப்பர் வளையத்தைக்கூடச் சேர்க்கவில்லை.

நம் கடற்கரையில் தூசியோடு உப்பும் சேர்கிறது. மாசி மகத்தன்று வைத்திக்குப்பத்திலோ தேவனாம்பட்டினத்திலோ கூட்டத்தில் நின்று படம் எடுத்தால் காலடி மணலும் அலைத்துளியும் ஒரே நேரத்தில் குழாயில் படியும். அந்த நிலையில் கேமராவை ஆஃப் செய்தால் குழாய் அதையெல்லாம் வாரிக்கொண்டு உள்ளே போகும். ஒரு மணல் பல்சக்கரத்தில் சிக்கினால் போதும்: குழாய் பாதியில் நிற்கும், திரையில் ஜூம் கோளாறு என்று செய்தி வரும். அந்த நிலையில் குழாயைக் கையால் தள்ளினால் சக்கரத்தின் பல் முறியும். ரிப்பேர் என்றால் பெரும்பாலும் லென்ஸ் யூனிட்டையே மாற்றுவார்கள். செலவு செகண்ட் ஹேண்ட் கேமரா விலையை நெருங்கும்.

ஆகவே கடற்கரையில் ஒரு பழக்கம் வேண்டும். ஆஃப் செய்வதற்கு முன், லென்ஸ் நீண்டிருக்கும்போதே, கேமராவைத் தரை பார்க்கக் கவிழ்த்துப் பிடித்து, ரப்பர் ப்ளோயரால் குழாயின் ஒவ்வொரு அடுக்கின் ஓரத்திலும் சாய்வாக ஊதுங்கள். நேராக இடுக்குக்குள் ஊதினால் மணல் உள்ளே போகும். பிறகு லேசாக ஈரமாக்கிய மைக்ரோஃபைபர் துணியால் குழாயைச் சுற்றித் துடைத்து, காய்ந்த துணியால் ஒருமுறை துடையுங்கள். அதன்பிறகு ஆஃப். தானாக ஆஃப் ஆகும் நேரத்தை மெனுவில் நீட்டி வையுங்கள். இல்லையென்றால் நீங்கள் துணியைத் தேடும்போதே லென்ஸ் உள்ளே போய்விடும். சில கேமராக்களில் படம் பார்க்கும் பொத்தானை அழுத்தினாலும் சில நொடியில் லென்ஸ் சுருங்கும், அதையும் மனதில் வையுங்கள்.

முன்கண்ணாடியில் உப்பு படிந்தால் உலர்ந்த துணியை அதன் மேல் வைக்காதீர்கள். உப்புத் துகள் கோட்டிங்கைக் கீறும். ஆல்கஹால் கலந்த லென்ஸ் திரவத்தில் உப்பு சரியாகக் கரையாது, தண்ணீரில்தான் கரையும். மருந்துக்கடையில் ஊசி மருந்து கலக்க விற்கும் ஸ்டெரைல் வாட்டர் சின்ன பாட்டில் வாங்கி வையுங்கள். ஊதிவிட்டு, அதில் இரண்டு சொட்டு துணியில் விட்டு (கண்ணாடி மேல் நேராக விடக் கூடாது), நடுவிலிருந்து வெளிநோக்கி வட்டமாகத் துடைத்து, கடைசியில் லென்ஸ் திரவம். எல்எக்ஸ்100, டி-லக்ஸ் இரண்டிலும் 43 மிமீ ஃபில்டர் மாட்டலாம். அது கண்ணாடியைக் காப்பாற்றும், குழாய் இடுக்கைக் காப்பாற்றாது.

அதே காசுக்கு

2024-இல் டி-லக்ஸ் 8 வந்தது 1,595 டாலருக்கு. அதே வருடம் ஃபியூஜி எக்ஸ்100விஐ வந்தது 1,599 டாலருக்கு. நான்கு டாலர் வித்தியாசத்தில் இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். ஃபியூஜியில் ஃபோர் தேர்ட்ஸைவிடப் பெரிய ஏபிஎஸ்-சி சென்சார், 40 மெகாபிக்சல், சென்சாரே அசைந்து நடுக்கம் தணிக்கும் வசதி, உள்ளேயே வெளிச்சத்தை நான்கு ஸ்டாப் குறைக்கும் என்டி ஃபில்டர். 23 மிமீ எஃப் 2 லென்ஸ், அதாவது 35 மிமீ பார்வை. குழாய் நீளாது. முன்வளையத்தைக் கழற்றி அடாப்டர் வளையமும் 49 மிமீ ஃபில்டரும் மாட்டினால் தூசிக்கும் தூறலுக்கும் தாங்கும். இந்த இரண்டும் பெட்டியோடு வராது, தனியாக வாங்க வேண்டும். மாட்டாமல் எடுத்துப்போனால் லென்ஸ் பக்கம் திறந்தே இருக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

ஜூம் இல்லை என்பது உண்மையான குறை. வந்த புதிதில் கேட்டவுடன் கிடைக்கவும் இல்லை. ஆனாலும் பாண்டியிலோ கடலூரிலோ குடியிருந்து, துறைமுகம், மீன் ஏலம், திருவிழா, தெரு என்று எடுப்பவருக்கு நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். பிச்சாவரத்தில் படகு சுரபுன்னைக் கால்வாய்க்குள் நுழைந்ததும் வெளிச்சம் படாரென்று விழும். துடுப்பிலிருந்து உவர்நீர் தெறிக்கும். அங்கே ஐஎஸ்ஓ 1600, 1/125 என்று வைத்துவிட்டு அடாப்டரும் ஃபில்டரும் மாட்டியிருந்தால் ஈரத்தைப் பற்றி அதிகம் கவலைப்படாமல் எடுக்க முடிவது பெரிய விஷயம்.

ஜூம் இல்லாமல் முடியாது, குழந்தைகள், கல்யாணம், பயணம்தான் முக்கியம் என்றால் எல்எக்ஸ்100 மார்க் 2-வை நல்ல நிலையில் செகண்ட் ஹேண்டில் தேடுங்கள். கடையில் புதிதாகக் கிடைப்பது அரிது. கிடைக்கவே இல்லை, பில்லோடு புதிதுதான் வேண்டும் என்கிறவருக்கு டி-லக்ஸ் 8 நியாயமான வாங்கல். அங்கே லைக்காவின் கூடுதல் விலை, உற்பத்தியில் இருக்கும் ஒரு பொருளுக்கான விலையாகிவிடுகிறது. மறுவிற்பனையில் சிவப்பு வட்டம் விலையைக் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும் என்பதும் கணக்கில் சேரும். இன்னும் தூரம் வேண்டுமென்றால் ஆர்எக்ஸ்100 மார்க் 7. 200 மிமீ வரை போகும், சென்சார் 1 இன்ச்தான். பாக்கெட்டில் போட்டு நடக்கிறவருக்கு ரிக்கோ ஜிஆர் 3 படத் தரத்தில் இவையெல்லாவற்றுக்கும் சவால் விடும். வியூஃபைண்டர் கிடையாது, பேட்டரி ஒரு சார்ஜுக்கு 200 படம் என்று கம்பெனியே சொல்கிறது, தூசியும் இழுக்கும்.

க்யூ3 பற்றி. 2023-இல் 5,995 டாலர். 60 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம், 28 மிமீ எஃப் 1.7, ஐபி52 தரச்சான்று. இது வேறொருவர் கேமராவில் ஒட்டிய பெயர் இல்லை, லைக்காவே செய்தது. காசு இருக்கிறவர் வாங்கினால் கொடுத்ததற்குப் பொருள் இருக்கும். ஐபி52 என்பதில் 5 தூசியைக் குறிக்கும். 2 என்பது மேலிருந்து சொட்டும் தண்ணீரை 15 டிகிரி சாய்வு வரை தாங்கும் என்பது மட்டும்தான். அலை தெறித்தால் அது பதில் சொல்லாது.

படங்கள் போனில் பார்த்து போனிலேயே அனுப்பத்தான் என்றால் இதில் எதுவும் வேண்டாம். இப்போதைய நல்ல போனே போதும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால்

பிரான்சில் வாங்கினால், ஐரோப்பிய யூனியனுக்கு வெளியே குடியிருப்பவர் வரியைத் திரும்பப் பெற வழி உண்டு. அங்கேயே குடியிருக்கும் மாமாவுக்கு அது கிடையாது. வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று வாரண்டி அட்டையில் நாடு வாரியாக எழுதியிருப்பதைப் படியுங்கள், கடைக்காரர் வாய்வார்த்தை போதாது. இங்கே வாங்கும்போது பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி உள்ள லேபிள் இருக்க வேண்டும். அது இல்லாமல் விலை மட்டும் குறைவாக இருந்தால் வாரண்டி இல்லாத சரக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி 18 சதவீதம். "பில் வேண்டாம்னா குறைச்சுத் தர்றேன்" என்பது அந்த 18-ஐத்தான். வாரண்டியும் அதோடு போய்விடும்.

ஜப்பானிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வரும் சில காம்பாக்ட்களில் வீடியோ 60, 30 ஃபிரேம்தான் இருக்கும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். கோயில் மண்டபத்து டியூப்லைட்டில் கறுப்புப் பட்டைகள் ஓடும். ஷட்டரை 1/100 அல்லது 1/50 என்று கையால் வைத்தால் பட்டை நின்றுவிடும். பிரான்சிலும் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கிருந்து வருவதில் இந்தச் சிக்கல் இல்லை.

பத்திரம்

கூடுதல் காசைப் பிராண்டுக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடித்தால் அதில் ஒரு பங்கு இதற்குப் போகட்டும். ஈரப்பதம் 60, 65 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். நம் ஊரில் வருடத்தின் பெரும்பகுதி அதைத் தாண்டித்தான் நிற்கிறது. பூஞ்சை கோட்டிங்கை அரித்துவிட்டால் துடைத்தாலும் தடம் போகாது. டிரை கேபினட் வாங்க முடிந்தால் 40–50 சதவீதத்தில் வையுங்கள். இல்லையென்றால் ரப்பர் வளையம் உள்ள 5 லிட்டர் டப்பா, 100 கிராம் நிறம் மாறும் சிலிகா ஜெல், ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர். சில நூறு ரூபாயில் முடியும். 30-க்குக் கீழே போனால் உள்ளிருக்கும் கிரீஸ் உலர ஆரம்பிக்கும், அதனால் ஜெல்லை அள்ளிக் கொட்ட வேண்டாம். ஆரஞ்சு நிற ஜெல்லையே வாங்குங்கள். நீல ஜெல்லில் இருப்பது கோபால்ட் குளோரைடு, விஷம், சமையல் ஓவனில் வைத்துக் காயவைக்கக் கூடாது. ஆரஞ்சு பச்சையானதும் 110–120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் பழைய நிறம் வரும். தோல் உறையோடு கேமராவை டப்பாவில் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

ஏசி அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் கண்ணாடியின் உள்ளும் புறமும் வியர்க்கும். அறைக்குள்ளேயே ஜிப் கவரில் போட்டு மூடி, வெளியே வந்து அரை மணி நேரம் கழித்துத் திறங்கள்.

செகண்ட் ஹேண்ட் சோதனை

பேட்டரி நிறைய இருக்கிறதா பார்த்துக்கொண்டு, அபெர்ச்சர் பிரையாரிட்டியில் (எஃப் எண்ணை நாமே வைக்கும் மோடு) எஃப் 16 வையுங்கள். ஆர்எக்ஸ்100 என்றால் எஃப் 11. ஐஎஸ்ஓ 200. ஃபோகஸை மேனுவலில் இன்ஃபினிட்டிக்குத் தள்ளி, ஒரு சாண் தூரத்தில் வெள்ளைச் சுவரை எடுங்கள். ஷட்டர் மெதுவாகி கை ஆடினாலும் கவலையில்லை, சுவர் மங்கலாக வருவதுதான் வேண்டும். படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கி மூலை மூலையாகப் பாருங்கள். சாம்பல் புள்ளி தெரிந்தால் ஜூமை மாற்றி இன்னொன்று எடுங்கள். புள்ளி அதே இடத்தில் அதே அளவில் நின்றால் சென்சார் தூசி. இடமோ அளவோ மாறினால் லென்ஸுக்குள் இருக்கிறது.

பிறகு ஜூமை முழுக்க நீட்டி, போன் டார்ச்சைச் சாய்வாக லென்ஸுக்குள் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழைகள் தெரிந்தால் பூஞ்சை. காதுக்கருகே வைத்து ஐந்தாறு முறை ஆன், ஆஃப் செய்யுங்கள். சீரான மோட்டார் சத்தம் இருக்கலாம், மணல் அரைபடும் கரகரப்பு இருக்கக் கூடாது. பேட்டரி மூடியைத் திறந்து உலோக முனைகளில் பச்சையோ வெள்ளையோ படிந்திருக்கிறதா பாருங்கள், உப்புத்தண்ணீர் பட்ட கேமராவில் அது மறையாது. டிரைபாட் துளையின் திருகிலும் ஃபிளாஷ் மாட்டும் ஹாட் ஷூவின் தகட்டிலும் துரு இருந்தால், மேலே எந்த வட்டம் போட்டிருந்தாலும் விலை பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.